இரண்டே சுற்று

எங்கள் வீட்டில் மீன் பிடிப்பவர் அப்பா என்றாலும், மீன் கரைக்கு வந்தது அம்மாவின் முடிச்சால்தான். தடித்த தங்கூசு நரம்பையும், தூண்டில் முள் கட்டியிருக்கும் மெல்லிய தங்கூசையும் சேர்த்து வைத்து, ஒன்றின்மேல் ஒன்றை ஐந்து சுற்றுச் சுற்றி, நுனிகளை நடுவே நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இழுப்பார். முடிச்சு மிளகளவுக்கு இறுகிவிடும். அப்பா போட்டால் அவிழ்ந்துவிடும். கேட்டால், "கண்ணு சரியா தெரியல" என்பார்.

அந்த வருஷம் கிளர்ச்சியால் நாடே குழம்பிக் கிடந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. மிளகுத் தோட்டத்தில் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. எங்கள் ஊருக்கு அருகே நாலந்தாப் பக்கம் ஒரு குளத்தில் அவர் பிடித்து வருவதுதான் எங்களுக்குக் கறி. எனக்கு எட்டு வயது.

ஒரு நாள் காலையில் அம்மா முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே சுற்று.

"எச்சி தொடலியேம்மா."

"தம்பி அழுவுறானான்னு போய்ப் பாரு."

தம்பி அழவில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்று அப்பாவோடு நானும் போனேன். பெரிய விரால் ஒன்று இழுத்தது. கம்பு வளைந்தது; நான் குதித்தேன். சட்டென்று எல்லாம் லேசாகிவிட்டது. தங்கூசு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்து நுனி சுருண்டு வந்தது. அப்பா அதை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா ரெண்டு சுத்துதான் சுத்துனாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நேத்து ஓடைக்குத் துவைக்கப் போனாங்களா?" என்றார்.

"போனாங்க. துவைக்காமலே வந்துட்டாங்க."

அப்பா தூண்டிலைச் சுருட்டிவிட்டார்.

வீட்டில் அம்மா வெறும் பையைப் பார்த்தார். "மீன் பெருசு. தங்கூசு அறுந்துருச்சு" என்றார் அப்பா. நான் வாயைத் திறந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேண்டுமென்றே பிழையாகக் கட்டிய அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. உண்மை தெரிந்த எனக்கு முறைப்பு. அம்மா பலாக்கொட்டையை அவித்து வைத்தார். இருவரும் வாசற்படியில் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன்பிறகு அப்பா குளத்துக்குப் போகவில்லை.

அந்த ஓடை குளத்தில் போய் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அதில் அந்த நாட்களில் மனிதர்கள் மிதந்து வந்ததும், அப்பா அதை அம்மாவுக்கு முன்பே பார்த்திருந்ததும், பார்த்த பிறகும் எங்கள் பசிக்காக யாரிடமும் சொல்லாமல் மீன் கொண்டுவந்ததும் அன்று தெரியாது.