யெஸ்ஸுங்க

என் அத்தாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த டீச்சர் நான்தான். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. தொண்ணூற்றெட்டு என்று ஞாபகம். "கொல்லிமலையில மூணு நாள் நடந்து சுத்தலாம், போற வழியெல்லாம் எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடு சாமி" என்றார் அத்தா. அடிவாரத்தில் எங்கள் கடையில் வைத்துப் படித்தால் அவருடைய தம்பி, என் சாச்சா, கூடவே பேசிக் காட்டிச் சிரிப்பார். மலையில் சிரிக்க ஆளில்லை. எனக்கு ஆகாய கங்கை அருவியில் குளிக்க வேண்டும். உடனே சரி என்றேன்.

மாமா எழுதிக் கொடுத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. முழுக்கக் கேள்வியும் பதிலும். சவூதியில் டிரைவர் வேலைக்கு மெட்ராஸில் நடக்கப்போகும் இன்டர்வியூவுக்கு அது என்று வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நானோ அதை இன்னொரு பாடப் புத்தகம் என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் பாடத்தில் ஒரு பையன் வாராவாரம் மிருகக்காட்சி சாலைக்குப் போவான். நிஜமாகவே போனானா என்று யாரும் கேட்டதில்லை.

மலையின் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியதுமே கோளாறு தெரிந்துவிட்டது. அத்தாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு வந்தது. ‘ங்க’ போடாமல்தான் வரவில்லை.

"ஆர் யூ மேரீட்?"

"யெஸ்ஸுங்க."

"டூ யூ ஸ்மோக்?"

"நோங்க."

"மொட்டையா யெஸ்ஸுன்னா எதிராளிய மதிக்காத மாதிரி இருக்குது கண்ணு" என்று நியாயம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் பத்தடி பின்னால் போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். டீச்சரும் கூட வரவேண்டும் என்று அத்தா ஒரு பிரிவு சேர்த்துவிட்டார். ஓரிடத்தில் ஒரு நிமிஷம் நிற்காதவள் நான். மத்தியானத்துக்குள் ஒரே மரவள்ளிக் காட்டை நாலு தரம் பார்த்துவிட்டு அழுகை முட்டிக்கொண்டு வர நின்றேன்.

அந்தக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்தார்.

"ஏனுங்க, புள்ள உங்களைத் திட்டுதுங்களா?"

"இல்லீங்க, இங்கிலீசு சொல்லிக் குடுக்குதுங்க."

"இந்த வயசுல எதுக்குங்க?"

அத்தா என்னை ஒரு தரம் பார்த்தார். "சும்மாதானுங்க" என்றார். அந்த அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. "அப்பனை மெதுவா ஓட்டு கண்ணு" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நானா மெதுவாக ஓட்டுவேன்? இரண்டாம் நாள் குண்டூர் நாட்டில், எங்கள் கடைக்கு வந்துபோகும் மிளகு விவசாயி ஒருவர் வீட்டில் தங்கியபோது, சோற்றுத் தட்டின் முன்னாலும் கேள்வி கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் ‘ங்க’ ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. அருவிக்கு இறங்கும் படிகளின் உச்சியில் வந்து நின்றபோது நோட்டில் கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கேட்க என் கால்கள் தரையில் நிற்கவில்லை.

"ஹவ் மெனி இயர்ஸ் கேன் யூ ஸ்டே?"

"ஐ கேன் ஸ்டே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அங்கேயே நின்றார். நாலே நாலு வார்த்தை பாக்கி என்றால்கூடப் பொறுக்கலாம், இரண்டே வார்த்தைக்கு இந்தப் பாடா?

"மத்ததெல்லாம் சொல்லிட்டேன்ல கண்ணு. இத விட்டுரலாமா?"

"முடியாது. இதைச் சொன்னாத்தான் அருவி."

என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினார். "ஐ கேன் ஸ்டே ஃபைவ் இயர்ஸ்."

துளிப் பிசிறில்லை. நான் கைதட்டி, நூற்றுக்கு நூறு என்று கத்திக்கொண்டே படிகளில் ஓடினேன். இன்றைக்கும் அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அத்தா மேல்படியிலேயே நோட்டை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்கத்தா!"

"வாரேன் கண்ணு. நீ முன்னால போ."

மூன்று நாள் நடந்ததில் முழங்கால் வலி என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்ததும் தைலம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவுசெய்து, மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.