ஆகஸ்ட் பதினாறும் என் புரோகிராமும்

எண்பதுகளின் கடைசியில், ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். தொழிலாளிகளுக்குச் சம்பளம் போட ஒரு புரோகிராம் எழுதினேன். கேட்ட கம்பெனிக்கெல்லாம் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தேன், எழுதிய வரிகளோடு. ஒரே நிபந்தனை: எதைத் திருத்தினாலும் எனக்கும் ஒரு காப்பி தந்துவிட வேண்டும். டீக்கடைப் பேப்பர் மாதிரி அது கை மாறிக்கொண்டிருந்தது. முதலாளிக்கும் தெரியும், செலவில்லாத காரியம் என்று விட்டுவிட்டார்.

எந்தக் கை வழியாகப் போனதோ, ஒருநாள் மெட்ராஸ் கம்பெனி ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. புரோகிராம் அவர்களுடையதாம். நான் திருடி ஊருக்கெல்லாம் விநியோகிக்கிறேனாம். மன்னிப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் வழக்காம். கம்ப்யூட்டர் புரோகிராமையும் காப்பிரைட் சட்டத்தில் சேர்த்திருந்த புதிது. முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேம்மா. கோர்ட்டு கேஸுன்னு யாரு அலையறது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதியதும் நான், திருடியும் நானா?

"அவங்க புரோகிராமை எடுத்துகினு வரச் சொல்லுங்க சார். இங்கயே ஓட்டிப் பாக்கலாம்."

வக்கீலும் டை கட்டிய ஒருவரும் வந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி ஃப்ளாப்பியைப் பூட்டி வைத்திருந்தார்கள். பரவாயில்லை என்று அதை ஓட்டி, ஒரு தொழிலாளி ஆகஸ்ட் பதினாறாம் தேதி வேலைக்கு வந்ததாகப் பதிந்தேன். லீவு நாள் என்று இரட்டைச் சம்பளம் போட்டது.

"மெட்ராஸ்ல ஆகஸ்ட் பதினாறு என்ன லீவு சார்?" என்று கேட்டேன்.

டை கட்டியவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அதில் அந்தத் தேதி சிவப்பாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த நாள். ஊர் எல்லையான கோரிமேட்டைத் தாண்டினால் அன்று எல்லாரும் வேலைக்குப் போவார்கள்.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் முதலாளிக்கு வீரம் வந்தது.

"இனிமே யாருக்கும் குடுக்காத. கம்பெனி பேர்ல பதிஞ்சி, பூட்டி, நாமளே விக்கலாம்" என்று ஒரு பத்திரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்பாவுக்கு மில் வேலை போயிருந்தது. வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். பயமாகத்தான் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது என்று சட்டமும் அவர் பக்கம்தான் நின்றிருக்கும். நிற்கட்டும்.

"ஆகஸ்ட் பதினாறை அதுல சேத்தது நான் இல்ல சார். பக்கத்து சோப்பு கம்பெனி அக்கா. நான் குடுத்ததைத் திருத்தி எனக்கே திருப்பிக் குடுத்தாங்க. அந்த ஒரு வரிதான் இன்னிக்கு உங்களைக் காப்பாத்துச்சு. அதை எப்படி உங்க பேர்ல எழுதறது?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை.

வேலையில்லாமல் வீட்டுக்குப் போகிற வழியில் சோப்பு கம்பெனிக்குள் நுழைந்தேன்.

"அக்கா, புதுசா இன்னா திருத்தியிருக்கீங்க? ஒரு காப்பி குடுங்க" என்று ஃப்ளாப்பியை நீட்டினேன்.