லேபிள் உரிந்த ரெக்கார்டு

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மெண்டும் கிடையாது. ஆனாலும் பழைய ரெக்கார்டு தேடுவது ஒரு தொழில்தான் என்பது அதில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். வயிற்றுப் பிழைப்புக்கு நான் பார்த்தது வேறு. மந்தைவெளிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் நிரந்தர ராத்திரி ஷிப்ட். காலையில் அறைக்குத் திரும்பினால் கம்ப்ரஸர் இரைச்சல் காதை விட்டுப் போகாது, தூக்கமும் வராது. அந்த இரைச்சலை அமர்த்தத்தான் முதலில் ரெக்கார்டு வாங்கினேன். அப்புறம் ரெக்கார்டுக்காகத் தூக்கத்தை விட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. நாங்கள் தேடியது அமெரிக்காவின் கறுப்பு ஜனங்கள் பாடிய ‘சோல்’ பாட்டுகள். சர்ச்சில் அழுது பழகிய தொண்டை வெளியே வந்து காதலுக்கு அழுதால் எப்படி இருக்கும், அது. கப்பல்காரர்களும், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியர்களும் விட்டுப்போனவை காயலான் கடைகளில் கிடக்கும். பாடியவர் யார், எங்கே பதிவானது என்று துப்புத் துலக்குவதுதான் எங்கள் போதை. படிப்பு எனக்கு அதிகமில்லை. என் இங்கிலீஷ் முழுக்க லேபிளில் படித்தது.

நடுவில் பெரிய ஓட்டை

நம் ஊர் ரெக்கார்டுக்கு நடுவில் பென்சில் நுழைகிற துளைதான். அமெரிக்கச் சின்ன ரெக்கார்டுக்குக் கட்டைவிரலே நுழையும். அப்படியே பிளேயரில் போட்டால் ரெக்கார்டு குடிகாரன் மாதிரி தள்ளாடும். இதற்கென்று விற்கிற வில்லை எங்களுக்கு எங்கே கிடைக்கும்? பாட்டில் கார்க்கை வட்டமாகச் சீவி, நடுவே ஆணியால் துளை போட்டுச் செருகுவேன். கொஞ்சம் கோணினாலும் பாடுகிறவளுக்கு ஜுரம் வந்துவிடும்.

கார்க் சீவுகிற சத்தம் கேட்டு ஒருநாள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். திருநெல்வேலி அண்ணாச்சி, தி. நகரில் பாத்திரக் கடை. ரெக்கார்டை வாங்கி, ஓட்டை வழியாக என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன்யா, நடுவுல இம்புட்டுப் பெரிய ஓட்டை கெடக்கே, பாக்காமலா வாங்கினீரு?”

வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி. நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். மொத்தமே ஐந்தாறு பேர். ஆளுக்கொரு ரெக்கார்டு போட வேண்டும். இதில் ஒரு வழக்கம். நல்ல சரக்கு கிடைத்தவன் லேபிளின் மேல் காக்கிக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டு வருவான். பெயர் தெரிந்தால் அடுத்தவனும் தேட ஆரம்பித்துவிடுவானே! மற்றவர்கள் காதால் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை.

இதில் பெரிய கை வெங்கி. மயிலாப்பூர்க்காரர், பாங்க்கில் குமாஸ்தா. மற்றவர்கள் மைதாப் பசையில் ஒட்டினால் இவர் தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஒட்டுவார். ஒருநாள் காயலான் கடையில் கிடைத்தது என்று ஒன்றைப் போட்டார். ஒரு பெண் குரல், பின்னால் கைதட்டல். போகிறவனை அவள் கெஞ்சவில்லை, திட்டவில்லை. ‘சாப்பிட்டுவிட்டுப் போ’ என்கிற மாதிரி ஒரு குரல். நடுவில் ஓரிடத்தில் ஊசி ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது. நான் ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டேன். கொடுத்தார், காகிதத்தோடு. கொடுக்கும்போது சொன்னார்: “கேளும் ஓய், கேட்டுண்டே இரும். பேர் மட்டும் கேக்கப்படாது. பேர் தெரிஞ்சுட்டா அப்புறம் அது என் பாட்டு இல்லே.”

இப்ப தாவும் பாரு

ஞானம்மா பட்டினப்பாக்கத்து மீன்காரி. எங்கள் கம்பெனி ஐஸ் போட்ட மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு காலையில் எங்கள் சந்துக்கு வருவாள். புருஷன் கட்டுமரத்தோடு கடலில் போய்ச் சேர்ந்தவர். மகன் அந்தோணி கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். ஒரு தடவை வந்துபோனான், அப்புறம் தகவலே இல்லை. இதெல்லாம் சந்துக்கே தெரிந்த கதை.

அன்றைக்கு நான் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு வாசலில் சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நடுவில் அவள் நிறுத்தினாள். தராசு கையில் அப்படியே நின்றது. “இப்ப தாவும் பாரு” என்றாள். ஊசி குதித்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தோணி வந்தபோது ஒரு சின்னப் பிளேயரும் இந்த ஒரே ரெக்கார்டும் கொண்டுவந்தானாம். கப்பலில் கூட வேலை பார்த்த கறுப்பு சிநேகிதனின் தங்கை பாடியதாம். மகள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக் கீழே போட்டதில் கீறல் விழுந்ததாம். மருமகன் குடிக்கக் காசில்லாமல் பிளேயரையும் ரெக்கார்டையும் காயலான் கடையில் தள்ளிவிட்டான். வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்த காக்கிக் காகிதத்தைக் காட்டிக் கேட்டாள்: “இன்னா நைனா, இத்த மூடி வச்சிக்கிறே? கப்பல வுட்டு எறங்கிக்கினா இதுல எய்திகீற ஊர்லதாம்மா இருப்பேன், சிநேகிதன் வூடு அங்கதான்னு சொல்ட்டுப் போனானே எம்புள்ள, அந்த ஊரு பேரப் படி.”

வெந்நீர்

அவளையும் கூட்டிக்கொண்டு அப்போதே மயிலாப்பூருக்கு நடந்தேன். வெங்கி பாங்க்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் மீன்கூடையைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெந்நீர் வைத்தார். வஜ்ஜிரத்தைப் பிரிக்க வெந்நீரில் ஊறவைப்பதுதான் முறை. எங்கள் அனுபவத்தில் லேபிளுக்கு ஒன்றும் ஆனதில்லை, ஏனென்றால் அது ரெக்கார்டோடு சேர்த்தே அழுத்திப் பதித்தது. உங்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் ‘ஐயோ, வேண்டாம்’ என்று கத்துகிறீர்களோ தெரியவில்லை. ஆமாம், இது அந்த ஜாதி இல்லை. சில அமெரிக்கக் கம்பெனிகள் கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்து லேபிளை மேலே ஒட்டிவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

காகிதம் வந்தது. கூடவே லேபிளும் வந்தது, ஊறின அப்பளம் மாதிரி. மை தண்ணீரில் நீலமாய்க் கரைந்தது. வெங்கி விரலால் சேர்க்கப் பார்க்கப் பார்க்க இன்னும் கூழானது. ஞானம்மா படியில் உட்கார்ந்து, ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்கியின் தோளைப் பிடித்து உலுக்கினேன், ஊர் பெயர் ஞாபகமிருக்கிறதா என்று. அவர் கண்ணெல்லாம் தண்ணீர். “பாட்டு பேர் தெரியும். பாடினவ பேர் தெரியும். கம்பெனி பேர்கூடத் தெரியும், புறான்னு அர்த்தம், பக்கத்துல படமும் போட்டிருக்கும். அடியில பொடி எழுத்துல ஊர் இருக்கும், அதை யார் ஓய் பார்த்தா?”

நாலு ஊர்

அதுவரை வேடிக்கைக்குத் தேடினோம். அதற்கப்புறம்தான் நிஜமாகத் தேடினோம். நான் ஷிப்ட் முடிந்து நேரே அமெரிக்க நூலகத்துக்குப் போவேன். அந்த நாட்டு டெலிபோன் புத்தகங்கள் சில அங்கே இருந்தன. மின்விசிறியின் கீழ் கண் சொருகும். விரலை மட்டும் வரிவரியாக இறக்கிக்கொண்டே போவேன். வெங்கி சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவருவார். பாடினவள் பெயரில் ஊருக்கு ஒரு பக்கம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். புறா பெயர் கொண்ட ரெக்கார்டு கம்பெனி நாலு ஊர்களில் இருந்தது. எது நம் புறா என்று தெரியவில்லை.

நாலையும் ஞானம்மாவிடம் படித்துக் காட்டினோம். மெம்ஃபிஸ், டேடன், விச்சிட்டா, நார்ஃபோக். அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “நாலுல எது நைனா சமுத்திரத்தாண்ட கீது?” நார்ஃபோக் மட்டும் துறைமுகம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “அதான். எம்புள்ள அங்கதான் கீறான். இதே தண்ணிதான அங்கயும்?”

திரும்பி வந்த தபால்

நாலு ஊருக்கும் எழுதிப் போட்டோம். மூன்றுக்குப் பதிலே இல்லை. நார்ஃபோக்குக்குப் போனது மட்டும், அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. இதற்குள் ஞானம்மாவுக்கு அந்த ஊர் சொந்த ஊராகியிருந்தது. “நார்பாக்கு” என்பாள், ஏதோ பட்டினப்பாக்கத்துக்கு அடுத்த குப்பம் மாதிரி. சாந்தோம் கோயிலில் அந்த ஊர் பேர் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள். ஐஸ் வாங்க வரும்போதெல்லாம் என்னைக் கேட்பாள், அங்கே இப்போது பகலா ராத்திரியா என்று. நமக்கு ராத்திரி என்றால் அங்கே பகல் என்பேன். என் ஷிப்டும் அவள் மகன் ஷிப்டும் ஒன்று என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

வெங்கி ரெக்கார்டை அவளிடமே கொடுத்துவிட்டார். ரெக்கார்டு பொறுக்குகிற ஒருவன் அப்படிக் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளிடம் பிளேயர் இல்லாததால் அது என் அறையிலேயே இருந்தது. முத்திரை குத்தின உறையைக் காட்டி, ஆள் இல்லையாம் என்று மெல்லச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. “தபால்காரன் வந்தப்ப வூட்ல ஆளு இல்ல, அவ்ளோதான? கடலுக்குப் போயிருப்பான், நைனா.”

மிருதங்கம் படிக்க வந்தவர்

அந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு வித்வானிடம் மிருதங்கம் கற்றுக்கொள்ள டேவிட் என்று ஒரு அமெரிக்கப் பையன் வந்திருந்தான். குரு வீட்டிலேயே தமிழ் பழகியவன். வேட்டி கட்டிக்கொண்டு, “எங்காத்து மாமி சொன்னா” என்று ஆரம்பித்தானென்றால் தெருவே நின்று பார்க்கும். வெங்கி அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். லேபிள் இல்லாத ரெக்கார்டைப் பார்த்ததும் அவன் சிரித்தான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான பகுதி இருக்கிறதே, அதில் கையால் கீறிய எழுத்துகள் இருந்தன. அச்சுக்குப் போகிற ரெக்கார்டுக்கெல்லாம் அடையாளம் அப்படிப் போடுவார்களாம். இத்தனை நாள் நாங்கள் அதைக் கீறல் என்று நினைத்திருந்தோம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்தான். ரெக்கார்டு விஷயத்தில் எங்களைவிடக் கிறுக்கனான ஒரு சிநேகிதன் அவனுக்கு அங்கே இருந்தான். அவனுக்கு அனுப்பினான்.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் காலையில் டேவிட் என் அறை வாசலில் வந்து நின்றான். தகவல் கிடைத்துவிட்டது, சந்தேகமே இல்லை, ஊர் விச்சிட்டா. கம்பெனி ஒரு சலூனின் பின்னறையில் நடந்ததாம், எப்போதோ மூடிவிட்டார்களாம். பாடின பெண்ணின் குடும்பம் எங்கோ வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தோணியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. “கடலோரமா?” என்று கேட்டேன், கேட்க வேண்டாத கேள்வி என்று தெரிந்தே. அவன் வருத்தத்தோடு இல்லையென்று தலையை ஆட்டினான். “சமுத்திரமே கெடையாது, சார். சுத்திவர கோதுமைதான்.”

சமுத்திரம் எவ்வளவு தூரம்

சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். “வேண்டாம் ஓய், அவளுக்கு ஒரு கடலாவது இருக்கட்டும்” என்றார் வெங்கி. தப்பான ஊருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாளே என்றேன் நான். நாங்கள் பேசி முடிப்பதற்குள் அவளே கூடையோடு சந்துக்குள் வந்துவிட்டாள். எங்கள் மூஞ்சியைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டாள். டேவிட்தான் சொன்னான், குரு வீட்டுத் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக, பயந்து பயந்து. அவன் பேச்சைக் கேட்டால் எப்போதும் சிரிப்பவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஊர் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னாள். அப்புறம், “சமுத்திரம் அங்கேருந்து எவ்ளோ தூரம், நைனா?” என்று அவனைக் கேட்டாள். பஸ்ஸில் போனால் ஒரு முழு நாளுக்கு மேலே ஆகும் என்றான்.

கூடை மேலிருந்த ஈரச்சாக்கை விலக்கி, ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்த்தாள். திரும்ப மூடினாள். வெங்கி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், கூடையைப் பார்த்தே சொன்னாள்: “அவங்கப்பன சமுத்திரம் தூக்கிக்கினு போச்சே, அன்னிக்கு நாந்தான் சொன்னேன். அது கண்ல படாத ஊராப் பாத்துப் பொயச்சிக்கோடான்னு. பொறந்ததுலேர்ந்து ஏம்பேச்ச ஒண்ணு கேட்டதில்ல. இத்த மட்டும் கேட்டுக்கினான் பாரு.”

அன்றிலிருந்து எந்த ரெக்கார்டு கைக்கு வந்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்து ஊரைப் படித்துவிட்டுத்தான் ஊசியை வைக்கிறேன், பாட்டு எங்கேயும் ஓடிப்போய்விடாது, போகிறவர்கள் ஆட்கள்தான் என்பதால்.