நாற்பத்தேழாம் எண் படகு

உன்ரே டீச்சருக்கு மறதி என்பதே கிடையாது. தென்கொரியாவின் குவாங்ஜூ நகரில் அவர் நடத்தும் டியூஷன் சென்டரில் பதினோரு வருடமாக நான் மேனேஜர். அவருடைய கோபத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தே எனக்கு நரைத்துவிட்டது.

கோபமெல்லாம் யொம் கித்தேக் என்பவன் மேல். பதினான்கு வருடத்துக்கு முன் அவனுடைய சென்டரில் வேலை கேட்டு டீச்சர் போனார். காலி பெஞ்சுகளுக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டினால்தான் எங்கள் ஊரில் வேலை. ஆங்கிலத்தின் பெர்ஃபெக்ட் டென்ஸை நடத்தச் சொன்னான். எங்கள் கொரிய பாஷையில் நடந்து முடிந்ததற்கெல்லாம் ஒரே விகுதிதான். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் தலைகீழாக நின்றாலும் ஏறாது. டீச்சர் மோக்போ துறைமுகத்து மீனவர் வீட்டுப் பெண். பலகையில் நேற்றுக் கிளம்பிய படகு ஒன்றை வரைந்தார். கயிறு அறுந்திருந்தால் வெறும் இறந்தகாலம். மறுமுனை இன்றைய கரையில் கட்டியிருந்தால் 'ஹேவ்'. கரைக்குப் பதிலாக, பின்னால் கிளம்பிப் போன இன்னொரு படகில் கட்டியிருந்தால் 'ஹேட்'. முதல் படகின் மேல், தன் அப்பாவின் படகு எண்ணையே எழுதினார்: 47.

கித்தேக் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினான். மீன்காரப் பாடம் இங்கே எடுபடாது என்றான். டீச்சர் டஸ்டரை எடுத்ததும், "பலகைய விடுங்க, நாங்க அழிச்சுக்கிறோம்" என்றான். அதைப் பெரிய மனசு என்று நம்பி வீடு வந்திருக்கிறார், பாவம். மூன்றே மாதத்தில் அவன் பெயர் போட்ட புத்தகத்தில் அந்தப் படகு வந்தது. எண்ணைக்கூட மாற்றவில்லை, திருட்டுப் பயல்.

அவன் ஒரு நாள் தன் வாசலுக்கு வருவான் என்று டீச்சர் காத்திருந்தார். அவனும் தன் சென்டரை இழுத்து மூடிவிட்டு, போன வாரம் எங்களிடமே வேலை கேட்டு வந்தான். டீச்சர் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெர்ஃபெக்ட் டென்ஸ் நடத்தச் சொன்னார். அவனுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

படகை வரைந்தான். கயிற்றைக் கட்டினான். 47 என்று எழுதினான். அது என்ன எண் என்று டீச்சர் கேட்டார்.

"சும்மா, கைக்கு வந்த நம்பர் மேடம்."

"எங்கப்பா படகு சார் அது. இந்தத் தடவை நீங்களே அழிச்சுட்டுப் போங்க."

அப்போதுதான் அவன் டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். காதுவரை சிவந்துபோய் டஸ்டரை எடுத்தான். கரை போயிற்று, படகு போயிற்று, எண்ணும் போயிற்று. மூலையில் ஒரு துண்டுக் கயிறு மிச்சம் இருந்தது. அதையும் அழிக்கச் சொன்னது நான்தான்.