பார்த்துவிட்டுப் போன இடம்

என் தம்பி தனசீலன் எம்.எஸ்ஸி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். 1967இல் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், கம்ப்யூட்டரின் வேலைகளைப் பங்கிட்டுத் தரும் மூல புரோகிராமை அவன்தான் எழுதினான். தாராவியில் எங்கள் பக்கத்து அறைக்காரன் வெயிலுமுத்துவை அங்கே கம்ப்யூட்டரில் டேப் மாட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

அந்த மழைக்காலத்தில், பத்து நாளைக்கு ஒருமுறை, ஒருவருடைய கணக்கின்மேல் இன்னொருவருடைய கணக்கு பதிவாகி, முதல் கணக்கு அழிந்தது. "புரோகிராமில் தவறில்லை" என்று தம்பி கையெழுத்திட்டான். அப்படியானால் டேப்பை மாற்றி மாட்டியிருக்க வேண்டும் என்று வெயிலுமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நீயே சொல்லுல சீலா, நான் மாத்தியா மாட்டுவேன்?"

வெயிலுமுத்து தம்பியிடம் கேட்டான். அன்றிலிருந்து தம்பி புரோகிராமை வரிவரியாகப் பார்த்தான். நூற்று நாற்பது தாள்களையும் எண் வரிசை தப்பாமல் அடுக்கிக் கொடுத்தேன்.

பதினொன்றாம் நாள் காலை. அறைகள் வரிசையாக இருக்கும் எங்கள் சாலில், பொதுக் கக்கூஸான சண்டாஸ் காலியா என்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் டப்பாவில் தண்ணீர் எடுத்து வருவது வழக்கம். நான் வருவதற்குள் அதே சாலில் குடியிருந்த பிரம்மநாயகம் உள்ளே புகுந்துவிட்டார்.

"வே, நான் பாத்துட்டுல்லா போனேன்!"

"பாத்துட்டுப் போனா பட்டாவா? டப்பாவ வச்சிட்டுப் போவும்!"

பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி, வாய்கூடக் கழுவாமல் தாள்களிடம் ஓடினான்.

புரோகிராம் கணக்கை வைக்கக் கம்ப்யூட்டரில் ஓர் இடம் காலி என்று பார்க்கிறது. அதில் தன் அடையாளத்தை வைப்பதற்குள் டேப்பிலிருந்து அழைப்பு வந்தால், அதைக் கவனிக்கப் போய்விடுகிறது. அந்த வேலையும் அதே இடத்தையே காலி என்று எடுத்துக்கொள்கிறது. திரும்பி வரும் புரோகிராம், மறுபடி பார்க்காமல் அதன்மேலேயே எழுதிவிடுகிறது. பார்த்து, அடையாளம் வைத்து முடியும்வரை எந்த அழைப்பும் உள்ளே வராதபடி நான்கு வரி சேர்த்தான். தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்து, வெயிலுமுத்துவைத் திரும்ப எடுக்கும் உத்தரவை அன்று மாலையே கையில் வாங்கினான்.

வெயிலுமுத்து வீட்டில் இல்லை. குர்லாவில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்குப் போயிருந்தவனின் வலது கை, முந்தாநாள் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் சிக்கியிருந்தது. சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். மூன்று விரல் இல்லை.

தம்பி உத்தரவைப் படித்துக் காட்டினான்.

"நான் மாத்தி மாட்டலன்னு எழுதியிருக்கால?"

"எழுதியிருக்கு. தப்பு என்னோடதுல."

"அத எங்க அம்மைக்கிட்ட படிச்சுக் காட்டு. அவ இன்னும் எம்மேல சந்தேகப்படுதா."

தம்பி தாளை மடிக்கப் பார்த்தான். மடிப்பு நேராக விழவில்லை. நான் வாங்கி மடித்தேன்.