பள்ளத்தின் ஓரம் நின்ற ஆள்

அலுவலகத்தில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். விளம்பரப் படங்களில் வேண்டாததை அழிப்பது அவள் வேலை. மின்கம்பி, குப்பைத்தொட்டி, நடிகையின் கழுத்து மச்சம், எதுவானாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துத் துடைத்துவிடுவாள். வேலை சுத்தமாக இருந்தால் அவள் கை பட்டதே தெரியாது. அதனால் இத்தனை வருடத்தில் யாரும் அவளைப் பாராட்டியதில்லை. திட்டியதும் இல்லை, அந்த மட்டில் லாபம்.

அந்தக் கார் விளம்பரம் வந்தபோதும் வழக்கம்போலத்தான் உட்கார்ந்தாள். காட்டு ஓடையை ஒரு கார் கடக்கிறது. தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிகிறது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சக்கரம் புதையாமலிருக்கத் தண்ணீருக்கடியில் இரும்புத் தகடுகள் போட்டிருந்தார்கள். அவற்றை அழிக்க வேண்டும். கூடவே ஓர் ஆளையும். ஓடையின் நடுவே திடீரென்று ஆழமாகிவிடும் பள்ளம் ஒன்று. கார் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடக் கூடாதே என்று அதன் விளிம்பில் மார்பளவு தண்ணீரில் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னவோ கத்தினார். படத்தில் ஒலி கிடையாது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

முதலில் கைகளை அழித்தாள். அப்புறம் தலை, தோள். ஆள் போன பிறகும் அவர் நிழல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் துடைத்தாள். தண்ணீர் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அந்த இடத்தில் பிரிந்து, யாரையோ சுற்றிக்கொண்டு போய் மறுபடி சேர்ந்தது. என்ன செய்தும் அந்தச் சுழல் போகவில்லை.

“விடு ரப்பர், எவன் பாக்கப் போறான்?” என்றார் இயக்குநர்.

எவனும் பார்க்கவில்லைதான். ஆனால் வீட்டு டிவியில் அது ஓடும்போதெல்லாம் ஆளில்லாத அந்த இடத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கண்கொட்டாமல் பார்ப்பார். பார்த்துப் பார்த்து அதே காரை வாங்கியும் விட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஓடையில் வண்டியை இறக்கி, வீடியோ எடுத்து மச்சானுக்கு அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரும் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

“வேணாங்க. அடியில தகடு போட்டிருந்தாங்க, நான்தான் அழிச்சேன். இப்ப அதெல்லாம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. பெரிய பள்ளம் வேற இருக்கு.”

“ஓடாத வண்டியவா ஊரெல்லாம் காட்டுவான்? உனக்கு எதைக் கண்டாலும் பயம்.” முன்கண்ணாடியில் செல்போனை ஒட்டிவைத்தார்.

இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை, கண்ணால் காட்டினால் நம்புவார் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினாள். நல்ல வெயில், ஆனால் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. இவ்வளவு தண்ணீர் ஓடியும் சத்தமே இல்லை. மார்பளவு வந்ததும் அடுத்த அடிக்குத் தரை கிடைக்கவில்லை. அங்கேயே திரும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

“வராதீங்க! இங்க கால் எட்டல!”

காரின் கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே அவர் சிரித்த முகமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். தண்ணீர் அவளிடம் வந்து பிரிந்து, முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. அந்தச் சுழலை அவளுக்குத் தெரியும். தான் நிஜமாகவே அங்கே நிற்கிறோமா என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்தது.

கண்ணாடி இறங்கியது. அப்பாடா, காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள்.

“ஏம்மா, தள்ளி நில்லு. படத்துல நீ விழற!”

அவள் நகரவில்லை. மறுபடி கத்தினாள்.

“சரி சரி, நில்லு. வீட்டுக்குப் போய் நீயே அழிச்சிடு,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவர் வண்டியைத் தண்ணீரில் இறக்கினார்.