கமிட் அக்கா முடிக்காமல் விட்ட வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கமிட் அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்கிற யாராக இருந்தாலும், டேட்டாபேஸில் கை வைப்பதற்கு முன் அவள் மேசைக்கு வந்து ஒரு பாட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

"அழிக்கறதுக்கு முன்னாடி எதை அழிக்கப் போறேன்னு பாரு. அதே கட்டளைதான், 'அழி'ங்கற இடத்துல 'காட்டு'ன்னு போடு. காட்டினது சரியா இருந்தா அப்புறம் அழி. அழிச்சாலும் உடனே போயிடாது. எத்தனை வரின்னு சொல்லிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும். சரின்னா கமிட் போடு, நிலைச்சுடும்; தப்புன்னா ரோல்பேக் போடு, பழையபடி ஆயிடும். ரெண்டுல ஒண்ணைப் போடாம சீட்டை விட்டு எந்திரிச்ச, அவ்வளவுதான். நீ அங்க காபி குடிச்சிட்டிருப்ப, இங்க ஊரே கதவைத் தட்டிக்கிட்டு நிக்கும்."

பேக்கப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. எடுத்து வைத்ததை ஒரு தடவையாவது திருப்பிப் போட்டுப் பார்க்காத வரை அது பேக்கப்பே இல்லை, வெறும் நம்பிக்கைதான் என்பாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதல் தடவை எதையாவது அழித்துத் தொலைத்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

அவர்கள் செய்வது மாத்திரையை நினைவுபடுத்தும் மொபைல் ஆப். நேரம் வந்தால் நோயாளியின் போன் மணி அடிக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு 'எடுத்தேன்' என்ற பட்டனை அமுக்கினால் அது பச்சையாகும். போனில் தெரிகிறதெல்லாம் அவசரம் என்று எல்லோரும் கூப்பிடுகிற டெவலப்பரின் பாடு. உள்ளே போய்ச் சேருகிறதெல்லாம் அக்காவின் பாடு. எது கெட்டாலும் அவன் இவளைக் கை காட்டுவான், இவள் அவனைக் கை காட்டுவாள். மற்றபடி இருவரும் ஒற்றுமைதான்.

அக்காவின் தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்ததே அவள்தான். அவன் போன பிறகு அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சு கல் என்று உறவுக்காரர்கள் காதுபடப் பேசினார்கள். கல்லாக இருந்தால்கூடக் கனத்திருக்கும். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை, மரத்துப்போயிருந்தது. எழுந்தாள், குளித்தாள், வேலைக்கு வந்தாள். அம்மாவைப் போய்ப் பார்ப்பதை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள்.

புது வெர்ஷன் வருவதற்குள், யாரும் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா வழக்கம்போல முதலில் 'காட்டு' போட்டாள். வந்து விழுந்த வரிகளில் தம்பியைத் தேடினாள். இருப்பான் என்று மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். இல்லை. தனியாகத் தேடிப் பார்த்தால், நேற்றுக் காலை 'எடுத்தேன்'. முந்தாநாள் காலையும் 'எடுத்தேன்'. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அவசரத்தைக் கூப்பிட்டாள். "செத்துப்போன என் தம்பி மாத்திரை போட்டுக்கறான்னு உன் ஆப் சொல்லுது."

அவன் திரையைப் பார்த்து வெலவெலத்துப்போனான். "அக்கா, ஒரு விரல் அமுக்காம அந்தப் பட்டன் பச்சையாகவே ஆகாது. சத்தியமா."

அவள் நம்பவில்லை. ஆப் தானாக அமுக்கிக்கொள்கிறது என்றால், மாத்திரையை மறந்துபோன எத்தனை பேரை அது எடுத்ததாகச் சொல்லியிருக்கும்? அதைத் துருவிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன் இந்தக் கணக்கை எடுத்துவிடலாம். தம்பி பெயரைப் போட்டு 'அழி' என்று அடித்தாள். ஒரு வரி நீக்கப்பட்டது என்றது திரை. இனிக் கமிட் போட வேண்டியதுதான் பாக்கி.

கை போகவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், ஒன்றும் போடாமல் எழுந்து போய்விட்டாள். கழுவுதொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அவசரம் புது வெர்ஷனுக்காக, கணக்குகள் இருக்கிற அதே அட்டவணையில் ஒரு மாற்றம் போட்டான். அக்கா பிடித்து வைத்திருந்த வரிக்காக அது காத்து நின்றது. அதன் பின்னால், பட்டனை அமுக்கியவர்கள் எல்லோரும் காத்து நின்றார்கள். புகார் போன்கள் குவிந்தன.

"யாரோ கமிட் பண்ணாம விட்டுட்டுப் போயிருக்காங்க அக்கா," என்று ஓடி வந்தவன், திரையைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "நீங்களா?"

அவள் வந்து உட்கார்ந்தாள். அவள் போனும் அடித்தது. அம்மா.

"ஏன்டி, உங்க ஆப்புக்கு என்ன ஆச்சு? அமுக்கினா வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. பச்சை வரமாட்டேங்குது."

"எந்த போன்லம்மா?"

"அவன் போன்லதான்."

அக்கா ரோல்பேக் போட்டாள். காத்து நின்றதெல்லாம் மடமடவென்று நகர்ந்தது.

"ஆங், வந்துடுச்சு," என்றாள் அம்மா.

"தினமும் நீயா அமுக்கற?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"எதுக்கும்மா?"

"அமுக்கலேன்னா உனக்கு மெசேஜ் வந்துடுமே. அவன் இருக்கும்போது அது வந்தாலே பதறிப்போய் போன் பண்ணுவ. இப்ப, வேலை செய்யற இடத்துல, அதைப் படிச்சா உனக்கு எப்படி இருக்கும்? அதான்."

அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு அமுக்காதம்மா."

"வந்துடுமேடி."

"வரட்டும்."

மறுநாள் காலை, மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. 'உங்கள் தம்பி இன்னும் மாத்திரை எடுக்கவில்லை.' மிரட்டுவது மாதிரி இருக்கக் கூடாது, 'இன்னும்' என்று ஒரு வார்த்தை சேர், இனிமேல் எடுப்பார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றட்டும் என்று அவசரத்திடம் சொன்னதே அவள்தான். அந்த ஒரு வார்த்தையை அவளால் தாண்ட முடியவில்லை. ஆபீஸ் மொத்தமும் கேட்க, மேசையில் தலை கவிழ்த்து அழுதாள்.